ஓட்டில் ஜெயித்த ஊர்

அன்பு மகள் ஓர்னெல்லாவுக்கு அம்மா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருந்தால் அதுவே போதும், எங்கள் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

ஊர் இணைப்பு ஓட்டு முடிந்துவிட்டது. இசெர்னியா மாகாணத்தில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்கள் எத்தனையோ, நம் காஸ்டெல்மோராவில் இருநூற்றுச் சொச்சம்தான். கீழே இருக்கும் பியானல்தாவோடு சேர்ந்தால் டாக்டர் மேலே வந்து பார்ப்பார், சேராவிட்டால் நாம்தான் இறங்கிப் போகவேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். அப்பா கேட்டாரா? காபிக் கடை வாசலில் நின்றுகொண்டு, "நம்ம கோயில் மணியத் தூக்கிட்டுப் போனவனுங்க பேர நம்ம ஊர் பேரோட ஒட்டணுமாய்யா?" என்று ஒரே சத்தம். மணி போனது அவருடைய தாத்தா காலத்தில். வேண்டாம் என்பதுதான் ஜெயித்தது, ஒயின் என்ன பாட்டு என்ன, போ. நான் சேரலாம் என்றுதான் ஓட்டுப் போட்டேன், அதை அவரிடம் சொல்லவும் செய்தேன், அன்றைக்கு நான் வைத்த பாஸ்தாவை அவர் தொடவில்லை.

இப்போது டாக்டர் வருவதில்லை. அப்பாவின் கால் கட்டைவிரலில் ஒரு புண், சர்க்கரை உடம்பு, விளிம்பு கறுத்துவிட்டது. கீழே போகலாம் வா என்றால், "பியானல்தாக்காரன் முன்னாடி ஷூவக் கழட்டுவேனா? ஊரே சிரிக்கும்டி" என்கிறார். நம் பாதிரியாரும் அந்த ஊரிலிருந்துதானே வருகிறார் என்றேன். "பாவமன்னிப்புக்கு ஷூவக் கழட்ட வேண்டாமே" என்கிறார். சிரிப்பதா அழுவதா? மேயரும் சொல்லிப் பார்த்தார், நான் அழுதும் பார்த்தேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. நேற்று கடைசியாக, "ஓர்னெல்லா வந்து கூப்பிடட்டும், போறேன்" என்றார். உனக்கு இது எட்டாம் மாதம், விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறார். உன்னை வா என்று எழுத முடியவில்லை, வராதே என்று எழுதவும் கை வரவில்லை.

கீரை நிறையச் சாப்பிடு, பளு தூக்காதே. மாதா உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகப் பிரித்துக் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அவர் முகத்தை மட்டும்தான் காட்டுவார், நன்றாகச் சிரிப்பார். நீ காலைக் காட்டச் சொல்.

உன் அம்மா,
பிலோமினா