மீதியைப் பஸ்ஸில் படித்துக்கொள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சௌக்கியமா என்று கேட்கக்கூட இப்போது நேரமில்லை. இதைக் கொண்டுவந்திருப்பவர் எங்கள் தியேட்டருக்குப் போஸ்டர் ஒட்டும் பசைவாளி மாமாதான், பயப்படாதே. மாற்றுத்துணியையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மட்டும் எடுத்துக்கொள். பட்டறையிலிருந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்றே அந்த வீட்டைவிட்டுக் கிளம்பு. மீதியைப் பஸ்ஸில் படித்துக்கொள்.

கிளம்பிவிட்டாயா? இனிச் சொல்கிறேன். தப்பு என்னுடையது.

ஐந்து வாரமாக இங்கே ஒரு படம் ஓடுகிறது. சாதி விட்டுக் காதலித்த பெண்ணின் கதை. கடைசியில் அவள் கைக்குழந்தையோடு அப்பன் வீட்டு வாசலில் நிற்பாள், கதவு திறக்காது. டிக்கெட் கிழிக்கிற எனக்கு எந்தப் படமும் அரைகுறையாகத்தான் தெரியும். இந்தக் காட்சிக்கு மட்டும் தினமும் உள்ளே போய் இருட்டில் நின்றுகொள்வேன். நீ அவரைப் பற்றிச் சொன்ன அன்று, பையன் நல்லவனா என்று கேட்காமல் என்ன ஆளுங்க என்று கேட்டவன்தானே நான்.

உன் பெரிய மாமா இந்தப் படத்துக்கு மூன்று தடவை வந்தார். "அவ என் கண்ணுல பட்டா அன்னைக்கே அவ கத முடிஞ்சுது" என்று நம் கூடத்தில் நின்று கத்திய அதே மாமா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வெளியே வந்து என் தோளில் கைபோட்டு, "அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு மச்சான்? கதவத் தொறந்தா என்ன கொறஞ்சிடும்?" என்றார். எனக்குத்தான் வெளுத்ததெல்லாம் பாலாயிற்றே! சட்டைப்பையில் வைத்திருந்த உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ மாசமாக இருப்பதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

முழுக்கப் படித்தார். விலாசம் இருந்த உறையோடு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டேன். "அது சினிமா மச்சான். இது நம்ம குடும்பம்" என்றார். அப்போதும் அவர் கண் ஈரமாகத்தான் இருந்தது.

இன்று காலை அத்தை கொல்லைப்பக்கமாக வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். மாமாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் நாளைக்கு வண்டி எடுக்கிறார்களாம். போலீஸுக்குப் போனேன். ஏதாவது நடந்தால் வாங்க என்றார்கள். உன் போன் நம்பரும் என்னிடம் இல்லை. என்னை நம்பி நீ தராததும் சரிதான்.

அம்மா என்னோடு பேசவில்லை. தன் பழைய பருத்திப் புடவையைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவசரத்தில் ஓரம் தைக்கவில்லை. நன்றாகத் துவைத்தது, பிள்ளைக்கு உறுத்தாது.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவரை அப்படிக் கூப்பிட இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை.

இனி எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று எனக்கு எழுதாதே அம்மா. தபால் முத்திரையிலேயே ஊர் தெரிந்துவிடும். யாராவது என் முன்னால் நின்று அழுதால் நான் மறுபடியும் சொல்லிவிடுவேன். பிள்ளை பிறந்த சேதியும் வேண்டாம். நாட்களை எண்ணிப் பார்த்து, இந்நேரம் பிறந்திருக்கும் என்று நானும் அம்மாவும் நினைத்துக்கொள்கிறோம். மூன்று பேரும் நூறு வயசு இருங்கள்.

உன் அப்பா