உப்பில்லாக் கஞ்சி

அண்ணி,

ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பை நிறுத்திவிட்டார். இன்று காலை மருமகள் வைத்த கஞ்சியில் ஒரு வாய் குடித்ததுமே ஆலங்குடிப் பக்கத்து முந்திரிக்காடு கண்முன் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அதைப் பேச எனக்கு ஆளில்லை.

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு கொலை வழக்கில் உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், சாட்சி. குற்றவாளிக் கூண்டில் நிற்க இருந்தவனின் மூத்த மகன் நம் வண்டியை மறித்து, உங்களையும் என்னையும் காட்டுக்குள் ஒரு காவல் குடிசைக்குக் கொண்டுபோனான். சாட்சி சொன்னால் நாம் உயிரோடு திரும்பமாட்டோம் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினான். நான் அழுதே ஓய்ந்தேன். நீங்களோ அவனுக்கும் சேர்த்து உலை வைத்தீர்கள்.

"எனக்கு உப்புப் போடாதீங்க ஆத்தா. ஒங்க கை உப்பத் தின்னுட்டா, அப்புறம் ஒங்க மேல அருவா ஓங்க எனக்குக் கை வராது" என்றான்.

அன்றிலிருந்து அவன் கஞ்சி தனிச் சட்டியில். தண்ணீர் குறைந்தபோது நமக்குக் கொடுத்துவிட்டு அவன் குடிக்காமல் கிடந்தான். பாவம் என்றீர்கள். அருவாளை மடியில் வைத்திருப்பவன் மேல் என்ன பாவம் என்று சீறினேன்.

ஒருநாள் அந்தச் சட்டியிலும் உப்பைப் போட்டுவிட்டீர்கள். ஒரு வாய் குடித்தான். உங்களை நிமிர்ந்து பார்த்தான். துப்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். சட்டியை வழித்துக் குடித்துவிட்டு எழுந்தவன், பஸ் ரோடு வரை நம்மைக் கொண்டுவந்து விட்டுப் போனான்.

அண்ணன் சாட்சி சொன்னார். இவனும் பிடிபட்டான். ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார்கள். முதலில் போன நீங்கள், இதில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்துப் போன நான் நேராக அவனைக் காட்டினேன். செய்தது சரிதான், இன்றும் சொல்வேன்.

அவன் சிறையிலிருந்து வரும்வரை நீங்கள் உப்பைத் தொடவில்லை. அண்ணன் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரும் வாய்க்கு வந்ததைப் பேசியது. பொறுக்கமாட்டாமல் நானே கேட்டேன், ஏன் இப்படி என்று.

"நம்மளக் காப்பாத்தத்தான் போட்டேன். தெரிஞ்சே முழுங்குனாரே, அதுக்கு நான் என்ன செய்ய?"

பயத்தில் மனசு புரண்டுபோய்விட்டது என்று உங்களைப் பற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். முழுசாக ஒப்பவில்லை. கோபமும் தீரவில்லை. மருமகள் கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள். உப்பு ஜாடி எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு கல் எடுத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது.

கை வரவில்லை, அண்ணி.