அண்ணி வறுத்த கடலை

3 பிப்ரவரி

அன்புத் தங்கச்சிக்கு,

பஸ் பட்டறை வேலைக்காக இங்கே வந்து தங்கிய உன் வீட்டுக்காரர் நேற்றுக் கிளம்பிவிட்டார். கொழுந்தன் என்று பெயர்தான், எனக்குத் தம்பி. ஆள் ஏன் இப்படித் துரும்பாகிவிட்டான்? ஆபீசுக்கு ஓடுகிறவள் நீ, உன்னைக் குற்றம் சொல்லவில்லை. தையல் மெஷினை மூடிவைத்துவிட்டுப் பத்து நாளும் கெட்டியாகப் பருப்பு வேகவைத்துப் போட்டேன். சாயங்காலமானால் உப்புப் போட்டு வறுத்த கடலை. "அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று கிண்ணத்தை நீட்டுவான். முந்திரிப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீயும் தின்னு.

உன் அக்கா

11 பிப்ரவரி

அக்காவுக்கு,

உங்கள் கொழுந்தனை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இன்றுதான் கூட்டிவந்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டதாம். போன வருஷமே அவருக்குச் சிறுநீரகம் பழுது. பருப்பும் கடலையும் அளவோடுதான் என்று உங்களிடம் சொல்லிவிட்டதாகச் சொல்கிறார். தெரிந்துமா கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தீர்கள்? பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். காதையுமா மறைக்கும்? இனி இந்த வீட்டில் பருப்பும் இல்லை, கடலையும் இல்லை. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதீர்கள்.

16 பிப்ரவரி

தங்கச்சி,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். தப்பு என்னுடையதுதான். வாடின முகத்தைப் பார்த்தும் என்ன ஏது என்று கேட்காமல் விட்டேன். அவனைத் திட்டாதே. உடம்பு தேறினதும் ஒரு வரி போடு, போதும்.

அக்கா

20 ஜூன்

அன்புள்ள அக்கா,

அந்த ஒரு வரியை நாலு மாதம் கழித்துப் போடுகிறேன். பருப்பை அடியோடு நிறுத்தியதில் அவர் சோற்றையே வெறுத்துவிட்டார். நேற்று, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"மொத்தமா ஏன் நிறுத்தினீங்க? இப்ப ரிசல்ட் நல்லாத்தானே இருக்கு. ஊறவெச்சு, வேகவெச்ச தண்ணிய வடிச்சிட்டு, சின்னக் கரண்டி பருப்பு தரலாம். உப்பில்லாத கடலை, எண்ணிப் பத்து. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தப் பாத்துதான் அளவு சொல்வேன்" என்றார்.

பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா இவரைப் பார்த்து, "அண்ணிகிட்ட என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் சொல்லல. சொன்னா கடலை வராதே" என்றார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயசு, அக்கா. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் சொல்லவே இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. ஏன் எழுதவில்லை?

உங்கள் தங்கச்சி

26 ஜூன்

என் தங்கமே,

எழுதியிருந்தால் நீ அவனோடு மல்லுக்கு நின்றிருப்பாய். படுத்துக் கிடக்கிறவனோடு சண்டையும் போட்டு, அவனுக்கே சோறும் ஊட்ட வேண்டியிருக்கும். என் மேல் கோபமென்றால் நடுவே ஆறு மணி நேர ரயில் இருக்கிறது. அதனால் நானே வாங்கிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் வலித்தது.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ரவிக்கை கேட்டவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். பருப்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எவ்வளவு தண்ணீர் வடிக்க வேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாது. நீ பக்கத்தில் நின்று சொல்லு. நான் வேகவைக்கிறேன்.

அக்கா