மாத்திரை போட்டாச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சொன்னால்தான் நம்புவேன்.

உங்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி நாங்கள் உருவாக்குவதுதான்; அதன் நிரலை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். புதியவர்களுக்கென்று சின்ன வேலைகளை ஒதுக்கி, எங்கே தொடங்குவது என்று விளக்கி வைப்பது என் பொறுப்பு. ஆனால் எங்கள் குழுவின் மூத்தவர் அவற்றைக் கண்டதும் தானே முடித்துவிடுவார். புதியவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொறுக்காமல் அவரிடமே கேட்டேன்.

"குழந்தை சைக்கிளை நீங்களே ஓட்டிட்டுப் போனா அது எப்பண்ணா பழகும்?"

"ரெண்டு நிமிஷ வேலைதானேம்மா!"

"உங்களுக்கு."

அசடு வழியச் சிரித்தார். தான் கடைசியாக முடித்த வேலையைக் கலைத்து, புதியவர்களுக்காகத் திரும்ப வைத்தார். ஒரு பொத்தானில் உள்ள வார்த்தையை மாற்றும் வேலை அது. புதிதாக வந்த ஒரு நர்ஸ் அதை எடுத்தார். அவர் மாற்றியதில் இரண்டு முறை செயலியே திறக்காமல் போனது. மூத்தவர்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நேற்று அந்த நர்ஸின் திருத்தம் செயலியில் சேர்ந்தது. "வார்டு முழுக்கக் காட்டிட்டேன்!" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கும் யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது.

தம்பியிடம் சொல்லிச் செயலியைப் புதுப்பியுங்கள். "உட்கொள்ளப்பட்டது" என்றிருந்த பொத்தான் "போட்டாச்சு" என்றிருக்கும். அழுத்திவிட்டு ஒரு போன் செய்யுங்கள். அது வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் செய்யுங்கள்.

குக்கர் விசில் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்