வாத்து பேசவே இல்லை

அன்புள்ள கீச்சுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம், உன் சுகத்தை நீயாகச் சொன்னால்தான் உண்டு, மூன்று வாரமாக போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கோபம் என்றால் கோபமாகவே இரு, சாப்பிடாமல் மட்டும் இருக்காதே. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காதுதான் முக்கால்வாசி போய்விட்டது. முப்பது வருஷம் பாட்டில் ஃபேக்டரி மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது, கம்பெனி டாக்டர் டார்ச் அடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வயசுக் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இதே வயசுதானே உங்க மேனேஜருக்கும், அவருக்கு மட்டும் எப்படிக் கேட்குது என்று கேட்டேன், கொஞ்சம் வெளியே உட்காருங்கம்மா என்றார்கள். தம்பி லிஃப்ட் ரிப்பேருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான், மேலே ஏறுகிறதெல்லாம் லிஃப்ட்தான், நான் இல்லை என்று அவனே சொல்லிச் சிரிக்கிறான்.

போன மாதம் அவன் டிவியில் என்னமோ இணைப்புக் கொடுத்தான், பழைய நிகழ்ச்சியெல்லாம் முதலிலிருந்து வருகிறது. நாம் பார்த்த அந்தப் பொம்மைக் குடும்பமும் வருகிறது கீச்சு. குப்பை லாரி ஓட்டுகிற துடைப்ப மீசை அப்பா, செருப்புக் கடை அம்மா, ரெட்டைப் பின்னல் போட்ட பெண், தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு திரிகிற தம்பி, அந்த வெள்ளை வாத்து. இருபத்தாறு வருஷமாக நடக்கிறதாம், ஒருத்தருக்கும் ஒரு நரை இல்லை. குப்பை லாரி ஓட்டுகிறவருக்கு மாடி வீடு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை, வரைகிறவனுக்கு என்ன, கையா வலிக்கப் போகிறது. ஆனாலும் பார்த்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆரம்பத்தில் ஒரு பாட்டு வருகிறது தெரியுமா, அதற்குப் பாட்டு இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

நாம் சத்தத்தோடு எங்கே பார்த்தோம்? அந்த ஒற்றை அறை, அலமாரி மேல் டிவி, அதற்குக் கீழே அப்பாவின் பாய், ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கறுப்புப் போர்வை. இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்த மனுஷன் சாயந்தரம் ஆறு மணிவரை தூங்கணும், நிகழ்ச்சியோ ஐந்தரைக்கு. அதனால் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு நாம் மூன்று பேரும் சுவரோரம் ஒட்டி உட்காருவோம். கார்மெண்ட்ஸிலிருந்து எடுத்துவந்த சட்டை மூட்டை என் மடியில், நான் குனிந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன், நீ என் காதோரம் யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று கீச்சுக் குரலில் சொல்லிக்கொண்டே வருவாய். உனக்கு வாய் அசைவைப் பார்த்தே பேச்சு புரிகிறது என்று நான் நினைத்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் பெருமையடித்துக்கூட இருக்கிறேன், என் பெரியவ டிவியைச் சத்தமில்லாமலே படிச்சிடுவா என்று. அவளும் நம்பினாள் பாவம்.

எனக்குப் பிடித்தது வாத்துதான். லாரிக்காரர் வேலைக்குத் தாமதமாகப் போய் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கும்போது, நாற்காலிக்கு முதுகு வலிக்குதாம், கொஞ்சம் எழுந்திருங்க சார் என்று மேஸ்திரியைப் பார்த்து வாத்து சொல்லும். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பேன், அப்பா புரண்டு படுப்பார், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அப்பா ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்து சுவரோரம் அடுக்கிய நாற்பது கண்ணாடி ஜாடி, ஒரே மின்விசிறி, அந்த வியர்வை, எதுவும் திரும்ப வேண்டாம், ஆனால் அந்த அரைமணி நேரம் மட்டும் வேண்டும்போல் இருக்கிறது.

இப்போது அப்பாவுக்காகச் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவைத்துப் பார்க்கிறோம், தெருமுனையில் இருக்கிறவனுக்கும் கேட்கும். முதல் நாளே வாத்து எப்போது பேசும் என்று காத்திருந்தேன். பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை, க்வாக் என்பதோடு சரி. என்னடா இவனுங்க வாத்தோட பேச்சையெல்லாம் வெட்டிட்டானுங்களா என்று தம்பியைக் கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் புரையேறிச் சிரித்தான். ஏம்மா, வாத்து எங்கயாவது பேசுமா, எல்லாம் அக்கா அடிச்சு விட்டதும்மா, உங்களுக்கு இத்தனை வருஷமாத் தெரியாதா என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடி கள்ளி என்று உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

போன வெள்ளிக்கிழமை அந்தக் கதை வந்தது. ரெட்டைப் பின்னல் வாசலில் நின்று அழும், அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. இப்பப் பாருங்க, இது படிக்கணும்னு கெஞ்சும் என்று அப்பாவின் தோளைத் தட்டினேன். அது படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை கீச்சு. வாத்தை என் கட்டில்ல படுக்க விடுங்க என்று அழுகிறது. திரும்ப ஓட்டு என்றேன், தம்பி ஓட்டினான், மறுபடி ஓட்டு என்றேன். மூன்று தரமும் வாத்து, கட்டில், அவ்வளவுதான்.

அந்த ஒற்றை அறையில் இதே கதைக்கு அன்றைக்கு நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அப்பா, நான்தான் கணக்குல முதல், இன்னும் ரெண்டே வருஷம் விடுங்கப்பா, லீவுல எந்த வேலை சொன்னாலும் செய்யறேன் என்றாய். அந்த அப்பன் என்னடி சொல்றான் என்று நான் சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன். ஒண்ணும் சொல்லலம்மா, சாப்பிடறாரு என்றாய். எந்த ஊருப் பொம்மைக்கும் இதே பாட்டுதான் போல என்று சொல்லி நான் சிரித்தேன். சிரித்தேனே கீச்சு. அதற்கடுத்த திங்கட்கிழமை உன்னைக் கார்மெண்ட்ஸுக்குக் கூட்டிப் போனேன். அப்பா மேல் பழி போடுவது எனக்குச் சுலபம், ஆனால் சூப்பர்வைசரிடம் பேசியது நான். பதினைந்து வயசுப் பிள்ளைக்குப் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அப்பதான் எடுப்போம் என்றார்கள், போட்டதும் நான். அங்கே பிசிறு வெட்டுகிற மேசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் பதினெட்டு வயசுதான், எல்லாருடைய அம்மாவும் கையெழுத்துப் போட்டவள்தான். அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு யார் யாரோ காலேஜுக்குப் போனார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் நீ போன் பண்ணி, பத்து வருஷமா வயசானவங்களைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை போதும்மா, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு, சேரட்டுமா என்று கேட்டாய். உனக்கு முப்பத்தாறு வயசு, மாலை வகுப்பில் பள்ளிப் படிப்பை முடித்ததையே முடித்த பிறகுதான் சொன்னவள், இதை மட்டும் ஏன் என்னிடம் கேட்டாய் என்று இப்போது யோசிக்கிறேன். நானோ, இந்த வயசுல பையைத் தூக்கிட்டுப் போனா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா, இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்காதே என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டாய். முன்பாவது நீ பொம்மை வாயால் கேட்டாய், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். இந்தத் தடவை உன் வாயால் கேட்டாய்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். நான் தூங்கினேன்னு எல்லாரும் நினைச்சீங்க, பாதி நாள் முழிச்சுத்தான் படுத்திருந்தேன், அவ பேசறது எனக்கும் கேட்டுச்சு என்றார். அவரை நீ மன்னிக்கணுமா வேண்டாமா என்பது உன் பாடு, என்னையும் அப்படித்தான்.

நீ படிப்பில் சேர்ந்துவிடு. எங்களைப் பற்றி யோசிக்காதே, படித்த பிள்ளை ஒருத்தன் வீட்டில் இருக்கிறான், பார்த்துக்கொள்ளட்டும். வகுப்பில் சின்னப் பெண்கள் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி, பிறகு மார்க்கில் காட்டு. முதுகு வலிக்குத் தைலம் போடாமல் டாக்டரைப் பார். அம்மா சேரச் சொல்லுறாங்க என்று தம்பி மெசேஜ் போட்டான், நீ திறக்கவில்லையாம், திறந்தாலும் நம்பமாட்டாய், அதனால்தான் இவ்வளவும் என் கையால் எழுதினேன். நல்லா இரு, நினைத்ததை முடி, உனக்கு ஒரு குறையும் வராது.

சேருவதற்குக் கடைசி நாள் பதினைந்தாம் தேதி என்று சொன்ன ஞாபகம். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்தால் உடனே போய்ப் படிப்பில் சேர்ந்துவிடு. பின்னால் வந்தால், நீ என் பேச்சைக் கேட்காமல் முன்னமே படிப்பில் சேர்ந்திருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா