ரத்தன் அண்ணனின் தாலாட்டு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளிக் கட்டுரைக்காக ஒரு வங்காள சினிமாப் பாடலாசிரியரைப் பற்றிப் படிக்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே முப்பது வருடம் பாட்டெழுதியவர். இசைத்தட்டுகளில் பாடகர் பெயர் மட்டும்தான் இருந்தது. இவரை யாருக்கும் தெரியாமலே போனது. எனக்கு மனசு ஆறவில்லை.

இன்று அவருடைய தாலாட்டு ஒன்றைக் கைப்பேசியில் கேட்டேன். வங்காளத்திலிருந்து வந்து கச்சிராயபாளையம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ரத்தன் அண்ணன் எங்கள் சாப்பாட்டுக் கடையில் தினமும் முணுமுணுக்கும் அதே பாட்டு! இறந்துபோன தன் அம்மா தனக்காகவே கட்டியது என்பார். மதியம் அவர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓடிப்போய்ப் போட்டுக் காட்டினேன். எழுதியவர் பெயரையும் பெருமையாகச் சொன்னேன்.

முழுவதும் கேட்டார்.

"அம்மா பாட்டு இல்லியா?"

"சினிமாப் பாட்டு அண்ணா."

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

"அந்தப் புள்ளயாண்ட இன்னாடி சொன்ன? ரசம்கூட வாணாம்னு போய்க்கினே இருக்குது" என்று அம்மா திட்டினாள்.

சாயங்காலம் டீ குடிக்க வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆளு எங்க ஊருக்கு வந்திருக்குமா? அம்மா பாடினது கேட்டு எழுதியிருக்குமா?"

அவர் அம்மா பிறப்பதற்கு முன்பே வந்த படம் அது.

"வந்திருப்பாரு அண்ணா" என்றேன்.