முப்பத்தைந்தாம் நாள் அறுத்த புல்

ஏனாத்தூர், காஞ்சிபுரம்
14.5.2003

அன்புள்ள மயிலாத்தாளுக்கு நாச்சிமுத்து எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் மயிலைப் பசு எப்படி இருக்கிறது? நான் நன்றாகவே இருக்கிறேன்.

பண்ணையில் ஒரு சின்னச் சச்சரவு, பயப்படாதே. கினியாப் புல்லை ஐம்பது நாளில்தான் அறுக்க வேண்டும் என்பது மேலாளர் சக்ரவர்த்தியின் உத்தரவு. சில வருஷங்களாக அடிக்கிற வெயிலில் புல் மளமளவென்று உயர்ந்து முப்பத்தைந்து நாளிலேயே பூத்துவிடுகிறது. அப்புறம் தண்டெல்லாம் நார்தான், சத்து ஏது? மாடுகள் வயிறு நிறையத் தின்றும் எலும்பு தெரிய நிற்கின்றன. மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை. இந்த முறை முப்பத்தைந்தாம் நாளே நானே அறுத்துப் போட்டேன்.

“பெரியவரே, அம்பது நாள் ஆவறதுக்குள்ள யாருபா அறுக்கச் சொன்னது? மன்னிப்பு கேளு” என்றார்.

பக்கத்துப் பாத்தியில் முற்றிய தண்டு ஒன்றை ஒடித்து நீட்டினேன். “இதை மென்னு முழுங்குங்க, கேட்டுக்கறனுங்க.”

“யோவ், நான் இன்னா மாடா?”

பால் கறப்பவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாயிற்று. மாதக் கடைசிக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை இல்லையாம். இளம்புல் தின்ற மாடுகள் கூடுதலாகக் கறந்ததை யாரும் பேசவில்லை. அறுபத்து நான்கு வயதில் நான் கேட்கப் போவதில்லை.

அங்கே நம் மேட்டுக்காட்டில்கூட கொழுக்கட்டைப் புல் பூக்கும் முன்பே பசுவை மேயவிடு. வெயிலுக்குத் தலையில் கட்ட உன் பழைய நூல் சேலையில் இரண்டு முழம் கிழித்து அனுப்பு. பட்டு நெய்கிற ஊரில் துணிக்கா பஞ்சம் என்று கேட்காதே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஜூன் முதல் வாரம் ஒருவேளை வாசலில் வந்து நிற்பேன். மகன் எதிரில், ஏன் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே.

நாச்சிமுத்து